ஓரத்தில் நின்ற பச்சை

வாயாடி என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவள் அண்ணன். பேச்சு வந்த வயதில் வைத்தான். வந்த பேச்சு அதன்பிறகு ஓயவே இல்லை என்பதால் பெயரும் நிலைத்துவிட்டது. சோற்றை மெல்லும்போதும் பேசுவாள், தூக்கத்திலும் பேசுவாள். யாராவது அவளைத் திட்டிக்கொண்டிருந்தால் நடுவில் புகுந்து, திட்டுகிறவர் மறந்துபோன குற்றத்தை அவளே எடுத்துக்கொடுப்பாள். அப்படிப்பட்டவளுக்கு வாழ்க்கையில் வாய்த்த வேலை என்ன தெரியுமா? தட்டுகளை ஊமையாக்குவது.

அது என்ன வேலை என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அண்ணனைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். அவனை விட்டுவிட்டு இவள் கதையைச் சொன்னால் அது பாதிக் கதைகூட ஆகாது.

அப்பா சரக்கு லாரி ஓட்டினார். போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். அம்மாவுக்குத் துணி ஆலையில் ஷிப்டு வேலை. வீட்டுக்கு வந்தால் தூங்கத்தான் நேரம் சரியாக இருக்கும். ஆகவே தங்கச்சிக்குச் சடை பின்னி, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்த் தள்ளி, சாயங்காலம் அவள் பையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு கூட்டிவருவது அண்ணன் பொறுப்பு. அவன் பின்னிய சடை பள்ளிக்கூட வாசலைத் தாண்டுவதற்குள் அவிழ்ந்துவிடும். ஆனாலும் வேறு யாரும் பின்ன அவள் தலையைக் கொடுக்க மாட்டாள். அண்ணன் அதிகம் பேசாதவன். வீட்டுக்குத் தேவையான பேச்சையெல்லாம் சின்னதே பேசித் தீர்த்துவிடுவதால் பெரியதுக்கு மிச்சம் இல்லை என்று அம்மா சொல்வார்.

ஒருநாள் கடைசி மணி அடிக்கிற நேரத்தில் வகுப்பில் ஒரு பெண்ணின் ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனது. புதுசு, மூடியில் படம் போட்டது. டீச்சருக்கு வாயாடிமேல் சந்தேகம். மறுநாள் வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிவரச் சொன்னார். அண்ணன் போனான். மேசைக்கு முன்னால் நின்றவன் தங்கச்சியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என் தங்கச்சி எடுக்கல டீச்சர்."

"நீ அவளைக் கேட்டியா?"

"கேக்க வேண்டியதில்ல டீச்சர். எனக்குத் தெரியும்."

எடுத்தது அவள்தான். பெட்டி அப்போது வீட்டு அலமாரியில், அவளுடைய பழைய கவுனுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. அதற்கடுத்த நாள் முதல் ஆளாக வகுப்புக்குப் போய் அந்தப் பெண்ணின் பெஞ்சுக்கடியில் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்துகொண்டாள். அண்ணனிடம் சொல்லவில்லை. ஊர் வம்பையெல்லாம் சொல்கிற வாய் இதை மட்டும் மென்று முழுங்கிவிட்டது. அவனும் கேட்கவில்லை.

பிறகு அவள் வேதியியலில் டிப்ளமோ படித்தாள், கல்யாணம் செய்துகொண்டாள், மொத்த மீன் சந்தைக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் மாடியில் இருக்கும் லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். அண்ணனுக்குப் படிப்பில் நாட்டமில்லை, தண்ணீரில்தான் நாட்டம். ஊருக்கு வெளியே குத்தகைக்கு நிலம் பிடித்து, குளம் வெட்டி, மீன் வளர்த்தான். விடிந்ததும் கரையைச் சுற்றி ஒரு நடை நடப்பான். தீனி வீசும்போது எந்த மூலை மீன் மந்தமாக மேலே வருகிறது என்று பார்த்து, அந்த மூலையில் தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்து பார்ப்பான். அவன் பேசாமல் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் மீனோடு பேசுகிறான் என்று அவன் பெண்டாட்டி, இவளுக்கு அண்ணி, கேலி செய்வாள்.

இப்போது தட்டுக்கு வருவோம். சாப்பாட்டுத் தட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். மேலே தங்கப் பூச்சு. பார்வைக்கு வழவழப்பு, உண்மையில் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமும் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஒரு துளியை அதன்மேல் விட்டுக் காயவைத்து லேசர் வெளிச்சத்தைக் காட்டினால், துளியில் என்ன பொருள் இருக்கிறதோ அது தன் அடையாளத்தைத் திரையில் கோடாக எழுதிக் காட்டும். வெறும் கண்ணாடியில் வைத்தாலும் காட்டும்தான். ஆனால் அது காதோடு காதாகச் சொல்வது, யாருக்கும் கேட்காது. தங்க மேடுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் அதே பொருள் ஊரைக் கூட்டிவிடும். இம்மியளவு இருந்தாலும் போதும்.

லேபுக்கு முக்கிய வேலை, சந்தைக்கு வரும் மீனில் பச்சைச் சாயம் இருக்கிறதா என்று பார்ப்பது. மீனுக்குப் பூஞ்சை கண்டால் சிலர் குளத்தில் கலக்கிற சாயம் அது. மீன் பிழைத்துக்கொள்ளும்; தின்கிறவர் உடம்புக்கு ஆகாது. அதனால் தடை. தடை வந்ததும் திருட்டுத்தனமும் வந்தது, திருட்டைப் பிடிக்க இந்தத் தங்கத் தட்டும் வந்தது.

ஒரு தடவை பயன்படுத்திவிட்டுத் தூக்கிப்போட அது என்ன காகிதமா? லேபுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் திரும்பத் திரும்பக் கழுவிப் பயன்படுத்தும் தட்டுகளாகப் பார்த்து வாங்கியிருந்தார்கள். ஸ்பிரிட்டில் அலசி, சுத்த நீரில் அலசி, ஊதா விளக்கு எரியும் பெட்டிக்குள் வைத்தால் ஒட்டியிருக்கும் மிச்சமீதியை அந்த வெளிச்சமே அழித்துவிடும். பிறகு வெறும் தண்ணீர்த் துளியை விட்டு மெஷினில் பார்க்க வேண்டும். திரையில் கோடு எழும்பாமல் படுத்துக்கிடந்தால் தட்டு சுத்தம். அதற்கு அந்த லேபில் சொல்லும் வார்த்தை 'ஊமை'. கோடு எழும்பினால் 'பேசுது', மறுபடி கழுவு. இதுதான் வாயாடியின் வேலை. காலையில் உள்ளே நுழைகிறவர்கள் வணக்கம் சொல்வதற்குப் பதில், "என்னக்கா, எல்லாம் ஊமையாயிடுச்சா?" என்றுதான் கேட்பார்கள். "எல்லாம் ஊமைதான், என்னைத் தவிர" என்பாள். ஒவ்வொரு நாளும் இதே பதில், ஒவ்வொரு நாளும் அவளே முதலில் சிரிப்பாள்.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. தட்டுகளை இடுக்கியால் பிடித்துப் பெட்டிக்குள் வைப்பது பெரும்பாடாக இருந்தது. நழுவும், கீறல் விழும், கீறல் விழுந்தால் குப்பைக்குத்தான். அவளே யோசித்து, ஒரு லேத் பட்டறையில் நாள் முழுக்க நின்று, தட்டுகளைச் செருகி வைக்க ஸ்டீலில் ஒரு சட்டம் செய்து வாங்கிவந்தாள். கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்தின் விளிம்பிலும் மெல்லிய உதடு ஒன்று உள்பக்கம் நீண்டு, தட்டு கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும். அதன்பிறகு ஒரு தட்டிலும் கீறல் விழவில்லை. லேபின் தலைவி, எல்லாருக்கும் அவர் பெரிய மேடம், ஆண்டுக் கூட்டத்தில் அந்தச் சட்டத்தைத் தூக்கிக் காட்டிப் பாராட்டினார். வீட்டில் புருஷன், "இங்க போடற சட்டம் பத்தாதுன்னு அங்கயும் போட ஆரம்பிச்சுட்டியா?" என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டுக்கு வந்தவர் போனவருக்கெல்லாம் சட்டத்தின் கதைதான்.

மெஷினில் மீன் சாம்பிளைப் பார்ப்பவர் வேறொருவர். தடிமனான கண்ணாடி போட்டிருப்பார் என்பதால் கண்ணாடிக்காரர். துளி காயும்போது அதிலுள்ள சரக்கு நடுவில் தங்காது. மேசையில் சிந்திய காப்பி காய்ந்தால் வருமே, அந்த மாதிரி ஓரத்தில் வளையமாகப் போய்ச் சேரும். ஆகவே அவர் லேசரை எப்போதும் தட்டின் ஓரத்தில் நிறுத்துவார். வாயாடி கழுவிய தட்டைச் சரிபார்க்கும்போது நடுவில் நிறுத்துவாள். கைக்கு அதுதான் வசதி. இரண்டு பேரும் வருஷக்கணக்காக ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்தார்கள். பேசாத பேச்சு கிடையாது. "நீங்க தட்டுல எங்க பாக்கறீங்க?" என்று மட்டும் ஒருவரை ஒருவர் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சந்தைப் பக்கம் வந்தால் அண்ணன் லேபுக்கும் வருவான். மாடிப்படியில் ஏறும்போதே, "ஏய் வாயாடி!" என்று குரல் கேட்கும். ஈரக் காலோடு உள்ளே வரக்கூடாது என்பதால் படியிலேயே நின்று, தங்கச்சி வீட்டுக்கென்று கொண்டுவந்த மீனைக் கொடுத்துவிட்டுப் போவான். அப்படித்தான் அந்தப் பெயர் லேபிலும் ஒட்டிக்கொண்டது. பெரிய மேடமே ஒருமுறை கூட்டத்தில் வாய்தவறி அந்தப் பெயரைச் சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அப்புறம் ஒரு பெரிய வியாபாரி வந்தான். பரிசோதனை ரிப்போர்ட் இருந்தால் குளத்து மீன் மொத்தத்தையும் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். அண்ணன் தயங்கினான், காகிதம் என்றாலே அவனுக்கு ஒவ்வாது. இவள்தான் விடவில்லை.

"எங்க லேபுக்கே அனுப்புண்ணே. உன் மீன் சுத்தம்னு என் தட்டு சொல்லும்."

"மீன் சுத்தம்னு மீனுக்கே தெரியும். தட்டு வேற சொல்லணுமா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. அனுப்பு, நான் பாத்துக்கறேன்."

அனுப்பினான். இது என் அண்ணன் குளம் என்று அவளே பெரிய மேடத்திடம் போய்ச் சொன்னாள். அப்படியானால் நீங்கள் அந்தச் சாம்பிளைத் தொட வேண்டாம், தட்டை மட்டும் கழுவிக் கொடுங்கள் என்றார் அவர். தொடவில்லை. தட்டைக் கழுவினாள், நடுவில் பார்த்தாள், ஊமை என்று கொடுத்தாள். கண்ணாடிக்காரர் துளி விட்டு, காயவைத்து, ஓரத்தில் பார்த்தார். திரையில் பச்சைச் சாயத்தின் கோடுகள் எழுந்து நின்றன.

ரிப்போர்ட் போனதும் அண்ணன் லேபுக்கு ஓடிவந்தான். இந்தத் தடவை படியில் நிற்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் பெரிய மேடத்தின் அறைக்குள் போய்விட்டான். பின்னாலேயே வாயாடியும் கண்ணாடிக்காரரும் போனார்கள்.

"அந்தச் சாயத்த நான் கண்ணால பாத்ததில்லம்மா. இன்னொரு தடவை பாருங்க. உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன்."

பெரிய மேடம் நல்லவர். யோசித்தார். பிறகு வாயாடியைப் பார்த்து, "தட்டு சுத்தமாத்தான் இருந்துச்சா? உங்களுக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் சொல்லுங்க, புதுத் தட்டுல இன்னொரு தடவை பாத்துடலாம்" என்றார்.

ஒரு வார்த்தை போதும். 'பாத்துடலாம் மேடம்' என்றால் முடிந்தது. ஆனால் அறையில் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அண்ணனுக்காக நழுவுகிறாள் என்று ஒருவரும் சொல்லிவிடக்கூடாதே என்று அவளுக்கு உள்ளே ஒரு பதைப்பு. போதாததற்கு, அவள் கழுவிய தட்டை, அவள் போட்ட சட்டத்தில் வைத்து எடுத்த தட்டை, சந்தேகப்படுவதா என்கிற ரோஷம். தேவைக்கு அதிகமான சத்தத்தில் பதில் வந்தது.

"ஊமையா இருந்துச்சு மேடம். நானே பாத்தேன். என் தட்டு பொய் சொல்லாது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவளுக்குத்தான் நிறுத்தத் தெரியாதே! அண்ணன் பக்கம் திரும்பி, அத்தனை பேர் நடுவில், கேட்டே விட்டாள்.

"உண்மையச் சொல்லுண்ணே. யாராவது சொன்னாங்கன்னு போட்டுட்டியா?"

அண்ணன் அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் அவளும் பதிலுக்குப் பேசித் தீர்த்திருப்பாள். தெரியாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவன் பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு பெரிய மேடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டான். படியில் அவன் செருப்புச் சத்தம் கீழே வரைக்கும் கேட்டது.

அதிகாரிகள் வந்து குளத்தை வடித்தார்கள். சுண்ணாம்பு கொட்டி, குழி தோண்டி, மீன் அத்தனையையும் புதைத்தார்கள். அவள் போகவில்லை, புருஷன் போய்விட்டு வந்தார். "உங்கண்ணன் கரையிலயே நின்னுட்டிருந்தாரு. தண்ணி போகப் போக மீனெல்லாம் அவர் நிக்கற பக்கமாவே வந்துச்சு. தீனி போடுவார்னு வந்துச்சு போல" என்றவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். வியாபாரி போனான், குத்தகை போனது. சந்தையில் அண்ணனைக் கண்டால் கூடை வியாபாரிகள்கூட, "என்னப்பா, பச்சை!" என்று கூப்பிட்டார்களாம். அவன் அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டு, பள்ளிக்கூட வேன் ஓட்டப் போனான்.

அவள் என்ன செய்தாள் என்றும் சொல்லத்தான் வேண்டும். கோபத்தோடு இருந்தாள். இப்படிச் செய்து என் மானத்தை வாங்கிவிட்டானே என்ற கோபம். "அண்ணன்னாலும் தப்பு தப்புதானே?" என்று கேட்டவரிடமெல்லாம் சொன்னாள். ஆஹா, உங்களைப் போல யார் இருப்பார்கள் என்று அவர்களும் சொன்னார்கள். அதைக் கேட்க அவளுக்கு இனித்தது. இனிக்கவில்லை என்று நான் எழுதினால் அது பொய். அந்த இனிப்பில் வருஷம் ஓடிவிட்டது. அண்ணன் வீட்டுக்கும் இவள் வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுபோனது.

பிறகு ஒருநாள் மெஷினில் தட்டை நகர்த்துகிற மேடையின் திருகு கழன்றுபோயிருந்தது. வாயாடிக்கு அது தெரியாது. கழுவிய தட்டில் தண்ணீர்த் துளியை விட்டு, வழக்கம்போல வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். வெறும் தட்டு பேசியது. அதுவும் பச்சைச் சாயத்தின் பேச்சு. கழுவியது போதவில்லை என்று நினைத்து மறுபடி கழுவினாள். மறுபடி பேசியது. அப்போதுதான் மேடை ஒருபக்கமாகச் சரிந்திருப்பதையும், லேசர் நடுவில் விழாமல் ஓரத்தில் விழுவதையும் கவனித்தாள். "சனியன் பிடிச்ச திருகு" என்று திட்டிக்கொண்டே நடுவுக்குக் கொண்டுவந்தாள். ஊமை. நிம்மதியாக எழுந்தவள் எழுந்தபடியே நின்றாள். திரும்ப உட்கார்ந்து, தட்டை மெல்ல மெல்ல நகர்த்தி, ஓரமாகவே ஒரு சுற்றுப் பார்த்தாள். சுற்றிலும் பேசியது.

கழுவுகிற அறைக்குப் போனாள். ஊதா விளக்கைப் போட்டு, பெட்டியின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். சட்டத்தின் உதடு, தட்டு விழாமல் பிடித்துக்கொள்ள அவள் சொல்லிச் செய்த உதடு, ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் மெல்லிய நிழலாக விழுந்திருந்தது. அந்த நிழலுக்குள் வெளிச்சம் போகவில்லை. நடுவீட்டைப் பெருக்கிவிட்டு மூலைக் குப்பையை அப்படியே விட்ட கதைதான்.

பச்சை எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவே தேவையில்லை. மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தினமும் காலையில் லேபின் சொந்தச் சீசாவிலிருந்து சாயம் ஒரு துளி எடுத்து ஒரு தட்டில் விடுவார்கள். அந்தத் தட்டுகளும் கழுவப்பட்டு மற்றதோடு கலந்துவிடும். அப்படி ஒன்றுதான் அண்ணன் மீனுக்கும் போயிருக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்து, குழாய் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத் தேடிவந்த கண்ணாடிக்காரர், "என்னக்கா, சத்தமே காணோம்?" என்றார். அவள் பதில் சொல்லாமல் இருந்தது அந்த லேபில் அன்றுதான் முதல் தடவை.

அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. பெரிய மேடத்திடம் போய் எல்லாவற்றையும் காட்டினாள். அவர் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "அந்த மீன் சாம்பிள் மிச்சம் இருக்குமே" என்றார். இருந்தது. லேபின் விதிப்படி ஒவ்வொரு மீனிலும் ஒரு துண்டை ஃப்ரீசரில் எடுத்து வைப்பார்கள். பிரச்சினையான சாம்பிளை எறியவே மாட்டார்கள். அண்ணனுடைய மீன் இவ்வளவு காலமும் அங்கேதான் இருந்திருக்கிறது. அவள் தன் சாப்பாட்டுப் பையை மாட்டுகிற ஆணிக்கு நேர் கீழே அந்த ஃப்ரீசர். தினமும் அதன் மூடியில் கையை ஊன்றிக்கொண்டுதான் செருப்பு மாற்றுவாள்.

உறையிலிருந்து எடுக்காத புதுத் தட்டில் அதைப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரர் ஓரத்தில் பார்த்தார், நடுவில் பார்த்தார், மூலை மூலையாகப் பார்த்தார். எங்கேயும் சாயம் இல்லை. மீனுடைய சொந்தக் கோடுகள் நாலு மெலிசாகத் தெரிந்தன, அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நானும் கேட்டிருக்கணும்க்கா" என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் அவர் மீனைத்தான் சந்தேகப்பட்டார். இவள் அண்ணனைச் சந்தேகப்பட்டாள்.

சட்டத்தை உடைத்துப் போட்டார்கள். தவறு லேபுடையது, மீனில் சாயம் இல்லை என்று பெரிய மேடம் கையெழுத்துப் போட்டு அண்ணனுக்குக் கடிதம் அனுப்பினார். பதில் வரவில்லை. சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு விடுமுறை நாளில் வாயாடியே கிளம்பினாள். கூட வருகிறேன் என்ற புருஷனை வேண்டாம் என்றாள். பஸ்ஸில் போகும்போதே சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவன் திட்டுவான், திட்டட்டும். வெளியே போ என்பான்; போக மாட்டேன், காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள்.

வீட்டுக்கு முன்னால் மஞ்சள் வேன் நின்றது. அண்ணன் ஈரத்துணியால் அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். முன்னந்தலை நரைத்திருந்தது. கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டுத் திரும்பினான். அவளைப் பார்த்ததும் துணியை வாளியில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டான்.

"வாங்க" என்றான்.

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். தனக்குப் பின்னால் வேறு யாரோ வருகிறார்கள் என்றே நினைத்துவிட்டாள். தெருவில் யாரும் இல்லை.

"உள்ள வாங்க. உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டான். பிளாஸ்டிக் நாற்காலி. அதன்மேல் இருந்த பிள்ளைகளின் துணியை எடுத்து, கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, விருந்தாளிக்குக் கொடுப்பது போலக் கொடுத்தான்.

சமையலறையிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள். "இப்பதான் வழி தெரிஞ்சுதா உனக்கு? பாவி, அந்த மனுஷன எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுக் கேட்டியே, உன் வாய் புழுத்துப் போகாதா?" என்று ஆரம்பித்தவள் மூச்சுவிடாமல் திட்டினாள், திட்டிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அந்தத் திட்டு வாயாடிக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லி முடியாது. இன்னும் திட்டமாட்டாளா என்றிருந்தது. அண்ணன்தான், "விடு. வீட்டுக்கு வந்தவங்கள அப்படிப் பேசாத" என்று அடக்கினான்.

வீட்டுக்கு வந்தவங்க!

பஸ்ஸில் தயார் செய்த எதுவும் வாயில் வரவில்லை. நிழல், சட்டம், ஃப்ரீசர் என்று முன்னும் பின்னுமாகக் குழறிச் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"லெட்டர் வந்துச்சுங்க. படிச்சேன். சந்தோஷம்."

"அண்ணே, என்னைத் திட்டுண்ணே. ரெண்டு அடிகூட அடி. இப்படிப் பேசாதண்ணே."

"எதுக்குங்க திட்டணும்? நீங்க உங்க வேலையச் செஞ்சீங்க. மெஷின் சொன்னத சொன்னீங்க."

"மெஷின் சொன்னத சொன்னேன், சரி. உன்னைக் கேட்டேனே! அதை எந்த மெஷின் சொல்லிச்சு?"

அண்ணி வைத்த தண்ணீரை அவன் அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். வாசலில் வேனிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இனி என்ன சொன்னால் அவன் முகம் மாறும் என்று அவள் தேடினாள். தேடத் தேட, எங்கோ அடியில் கிடந்த அந்தப் பழைய விஷயம் கைக்கு வந்தது. அதையாவது கேட்டுவிட்டு, அடிப்பாவி என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா?

"அண்ணே, அன்னைக்கு ஸ்கூல்ல அந்த ஜாமெட்ரி பாக்ஸ எடுத்தது நான்தாண்ணே. நீ வந்து எனக்காகப் பேசினியே... நான்தான் எடுத்தேன்."

"தெரியுங்க" என்றான் அண்ணன்.

அவளுக்குப் புரியவில்லை. "என்ன தெரியும்?"

"உங்க பைய நான்தானே தூக்கிட்டு வந்தேன். வழியெல்லாம் உள்ள கலகலன்னு ஆடிட்டே வந்துச்சு. நம்ம வீட்டுல ஏது ஜாமெட்ரி பாக்ஸ்?"

சாதாரணமாகத்தான் சொன்னான். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். தெரிந்தே வந்து நின்றிருக்கிறான். தெரிந்தேதான், கேட்க வேண்டியதில்லை, எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கிறான். அண்ணி வந்து தோளில் கை வைத்தாள். வாயாடி எழுந்தாள்.

அண்ணன் கேட்டுவரைக்கும் கூடவே வந்தான். தாழ்ப்பாளை அவனே திறந்துவிட்டான். வெயில் ஏறியிருந்ததால், "இப்படி நிழலாப் போனா பஸ் ஸ்டாப் வந்துரும்" என்று வழிகூடச் சொன்னான்.

"பாத்துப் போயிட்டு வாங்க."

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வாயாடி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, அண்ணன் கடைசியாகச் சொன்னதை எடுத்து, அதிலிருந்து அந்த 'ங்க'வை மட்டும் கழற்றிவிட்டு, உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். போயிட்டு வா. இன்னொரு தடவை சொன்னாள். போயிட்டு வா, வாயாடி. எத்தனை தடவை சொன்னாலும் அது அவள் குரலில்தான் வந்தது.